கிலோவும் ஈடும்

அன்புள்ள ஐயா,

நானும் என் கணவரும் காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்கிறோம். மாதம் 1,000 கிலோ தேன்குழல், 200 கிலோ கைமுறுக்கு. தேன்குழல் கடைகளுக்குப் போகிறது. கைமுறுக்கு முழுவதும் போனில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்புகிறோம், கூரியர் கட்டணம் வாங்குபவருடையது.

தேன்குழலுக்கு மாவு, எண்ணெய், சுடும் கூலி எல்லாம் கிலோவுக்கு 190 ரூபாய். கைமுறுக்குக்குச் சுற்றுக்கூலி, டப்பா சேர்த்து 300. வாடகை, கேஸ், கரண்ட், மாதச் சம்பளம் போன்ற மற்ற செலவுகள் 96,000. அதை 1,200 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 80. ஆகவே அடக்கம் தேன்குழலுக்கு 270, கைமுறுக்குக்கு 380. விற்பது 290க்கும் 440க்கும். இப்போது ஒருவர் தேன்குழலை 275க்குத் தருவதால் கடைகள் ஒவ்வொன்றாக அங்கே போகின்றன. கைமுறுக்கு ஆர்டர் மட்டும் பெருகுகிறது. அதில்தான் லாபம் அதிகம் என்பதால் தேன்குழலை விட்டுவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. கல்யாண வீடுகளில் ஆட்களோடு வந்து அங்கேயே சுட்டுத் தரச் சொல்கிறார்கள். சாமான் அவர்களுடையது. ஒரு நாளைக்கு 6,000 கேட்கிறோம். அது கட்டுப்படியாகுமா என்று எங்களுக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள வாசகிக்கு,

தேன்குழலை விட்டுவிடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

உங்கள் கணக்கில் கூட்டல், வகுத்தல் எதிலும் பிழை இல்லை. 1,200 கிலோவால் வகுத்தீர்களே, அந்த இடம்தான் சிக்கல். ஒரு கிலோ தேன்குழலும் ஒரு கிலோ கைமுறுக்கும் தராசுக்கு ஒன்றுதான், அடுப்புக்கு ஒன்றல்ல. அச்சில் பிழிந்து சட்டியில் விட்டால் தேன்குழல் ஈடு மளமளவென்று இறங்கும். கைமுறுக்கு அப்படியா? துணியில் ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று விரலால் முறுக்கி, உலர்ந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, தணிந்த தீயில் வேகவைக்க வேண்டும். சுற்றுகிறவரின் கூலியை நீங்கள் சரியாகக் கைமுறுக்கின் தலையில் வைத்துவிட்டீர்கள். ஆனால் அடுப்பு அதற்காக எரிந்த நேரத்தை இரண்டுக்கும் சமமாகப் பங்கிட்டுவிட்டீர்கள்.

நான் பல வருடம் ஒரு நூற்பாலையில் அடக்கவிலைக் கணக்குப் பார்த்தவன். அங்கே முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது இது: 20ஆம் நம்பர் நூலையும் 80ஆம் நம்பர் நூலையும் கிலோவில் கூட்டாதே. 80 மெல்லிசு, ஒரு கிலோ நூற்க ஸ்பிண்டில், அதாவது நூலை முறுக்கிச் சுற்றும் கதிர், பல மடங்கு நேரம் ஓட வேண்டும். அதனால் எல்லா நம்பரையும் 40ஆம் நம்பருக்கு மாற்றித்தான் உற்பத்தியை ஒப்பிடுவார்கள். உங்கள் வீட்டில் ஸ்பிண்டில் இருக்கும் இடத்தில் அடுப்பு இருக்கிறது.

கடிதம் கிடைத்த பிறகு நான் கேட்ட கேள்விகளுக்கு நீங்கள் அனுப்பிய குறிப்பை வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுகிறேன். மணிக்குத் தேன்குழல் 10 கிலோ, கைமுறுக்கு 4 கிலோ இறங்குகிறது என்கிறீர்கள். அப்படியானால் மாதத்தில் தேன்குழலுக்கு 100 மணி, கைமுறுக்குக்கு 50 மணி. மொத்தம் 150 மணி அடுப்பு எரிகிறது. கேஸ் செலவு 27,000, மணிக்கு 180 ரூபாய். கிலோவுக்குப் பிரித்தால் தேன்குழலுக்கு 18, கைமுறுக்குக்கு 45.

அடுத்தது மாதச் சம்பளக்காரர் இருவர், 30,000 ரூபாய். இதைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து மாதம் 400 மணி நேரம், மணிக்கு 75 ரூபாய். அதில் 200 மணி நேரம் கூரியர் பார்சலுக்கே போகிறது. மாதம் 300 பார்சல், ஒன்றுக்கு 40 நிமிடம். முறுக்கு உடையாமல் தாள் வைத்து அடுக்குவது, டேப் ஒட்டுவது, பின்கோடு தப்பாக இருந்தால் போன் போட்டுக் கேட்பது, கூரியர் ஆபீஸில் வரிசையில் நிற்பது. ஒரு பார்சலுக்கு 50 ரூபாய். உள்ளே கால் கிலோ இருந்தாலும் ஐந்து கிலோ இருந்தாலும் ஏறக்குறைய அதே 50தான். கால் கிலோ கைமுறுக்கை 110 ரூபாய்க்கு விற்று, அதை அனுப்பும் வேலைக்கு மட்டும் 50 ரூபாய் செலவழிக்கிறீர்கள். கிலோவால் வகுத்த கணக்கில் இது கண்ணில் படவே படாது. கடைகளுக்குத் தேன்குழலை டின்னில் அடைத்து ஏற்றிவிடும் வேலைக்கு 100 மணி நேரம், 7,500 ரூபாய். மீதி 100 மணி பாத்திரம் கழுவுவதும் கூட்டிப் பெருக்குவதும்.

அந்த மீதிச் சம்பளம் 7,500, வாடகை 18,000, கரண்ட் 6,000, பழுதுபார்ப்பு 6,000, பெட்ரோல், போன் வகையறா 9,000, எல்லாம் சேர்ந்து 46,500. இவற்றுக்கு இன்ன பலகாரம்தான் காரணம் என்று யாராலும் காட்ட முடியாது. அடுப்பு மணியை வைத்துப் பிரிப்பது ஓரளவு நியாயம். மணிக்கு 310.

இப்போது கூட்டுங்கள். கிலோவுக்குத் தேன்குழலுக்குக் கேஸ் 18, டின்னில் அடைக்கும் வேலை ஏழரை, பொதுச் செலவு 31: ஆக 56.50. கைமுறுக்குக்குக் கேஸ் 45, பார்சல் வேலை 75, பொதுச் செலவு 77.50: ஆக 197.50. இரண்டுக்கும் 80 என்று இருந்த இடத்தில் இவ்வளவு வித்தியாசம். தேன்குழல் அடக்கம் 246.50தான். 290க்கு விற்கும்போது கிலோவுக்கு 43.50 கிடைக்கிறது. கைமுறுக்கு அடக்கம் 497.50, அதை 440க்கு விற்று கிலோவுக்கு 57.50 விடுகிறீர்கள். பழைய கணக்கிலும் மாத மிச்சம் 32,000, புதிய கணக்கிலும் அதே 32,000. மொத்தம் மாறாததால்தான் இத்தனை நாள் சந்தேகம் வரவில்லை. தேன்குழல் 43,500 சம்பாதித்துக் கொடுக்க, கைமுறுக்கு அதிலிருந்து 11,500ஐத் தின்றுகொண்டிருந்தது.

ஆர்டர்கள் ஏன் இப்படிப் போகின்றன என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தேன்குழலுக்கு அடக்கத்தைக் கூடுதலாக நினைத்து விலை வைத்தீர்கள், போட்டிக்காரர் 275க்கு இறங்கியதும் கடைகள் போய்விட்டன. கைமுறுக்குக்குக் குறைத்து நினைத்தீர்கள், ஊரெல்லாம் உங்களிடம் வருகிறார்கள். 1980களின் நடுவில் அமெரிக்காவில் ஜான் டியர் டிராக்டர் கம்பெனியின் உதிரிபாகப் பிரிவுக்கு இதே கதை நடந்தது. டெண்டர் போட்டால் பெரிய எண்ணிக்கை ஆர்டர்கள் வெளியாருக்குப் போயின, சில்லறை ஆர்டர்கள் இவர்களுக்கு வந்தன. மேற்செலவை, அதாவது எந்தச் சரக்குக்கு என்று நேரடியாகக் காட்ட முடியாத பொதுச் செலவை, ஆள் கூலி, இயந்திர நேரம் இவற்றை வைத்துப் பங்கிட்டதில், ஒவ்வொரு ஆர்டருக்கும் இயந்திரத்தை மாற்றிப் பூட்டும் வேலை, காகித வேலை, சாமானை நகர்த்தும் வேலை எல்லாம் பெரிய ஆர்டர்களின் தலையில் ஏறியிருந்தன. அந்த வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போடும் முறையைத்தான் ஹார்வர்ட் பேராசிரியர்கள் ராபர்ட் கப்லானும் ராபின் கூப்பரும் பிறகு உலகமெங்கும் கொண்டுபோனார்கள். பாடப்புத்தகத்தில் இதற்குச் செயல்பாட்டு அடிப்படை அடக்கவிலை என்று பெயர். உங்கள் 40 நிமிடப் பார்சலும் அதே முறைதான்.

சரி, கைமுறுக்கு நஷ்டம் என்றால் அதை நிறுத்திவிடலாமா? இந்த இடத்தில்தான் படித்தவர்களே சறுக்கிப் பார்த்திருக்கிறேன். நிறுத்தினால் என்ன ஆகும்? விற்றுவரும் 440இல் நேரடிச் செலவு 300 போக மிஞ்சும் 140 போய்விடும். 200 கிலோவுக்கு 28,000. மிச்சமாவது எது? 50 மணி நேரக் கேஸ், 9,000. ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால் இன்னும் 15,000. வாடகைக்காரர் கைமுறுக்கு இல்லை என்று வாடகையைக் குறைக்கப்போவதில்லை. ஆக 24,000 மிச்சம், 28,000 இழப்பு. ஒருவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் மாதம் 4,000 குறைவாகத்தான் கையில் நிற்கும். அனுப்பாவிட்டால் 19,000 குறையும்.

அப்படியானால் 497.50 என்ற கணக்கு பொய்யா? இல்லை. விலை வைக்க, எந்தச் சரக்கைப் பெருக்கலாம் என்று யோசிக்க அது வேண்டும். இன்று ஒன்றை நிறுத்தலாமா என்று கேட்கும்போது, நிறுத்தினால் நின்றுபோகும் செலவை மட்டும்தான் எடுக்க வேண்டும். ஜே.எம். கிளார்க் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1923லேயே வற்புறுத்தினார், வெவ்வேறு காரியத்துக்கு வெவ்வேறு அடக்கம் என்று. அதற்கும் முன்னால், 1772இல் இங்கிலாந்தில் பணமுடை வந்து சரக்கு தேங்கியபோது, பீங்கான் செய்த ஜோசையா வெட்ஜ்வுட் தன் பேரேடுகளோடு உட்கார்ந்தார். சரக்கு கூடினாலும் குறைந்தாலும் சில செலவுகள் கடிகாரம் போல ஓடிக்கொண்டே இருக்கின்றன என்று கண்டுபிடித்துக் கூட்டாளி பென்ட்லிக்குக் கடிதம் எழுதினார். பேர்பெற்ற மட்பாண்டத் தொழிற்சாலை அவருடையது. அவரும் அதுவரை சரியான அடக்கம் தெரியாமல்தான் விலை வைத்திருந்தார். நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பார்சலுக்கு 50 ரூபாய் பேக்கிங் கட்டணம் என்று தனியாகச் சேர்ப்பேன். 300 பார்சலும் அப்படியே வந்தால் 15,000. கைமுறுக்கின் 11,500 நஷ்டம் மறைந்து 3,500 மிஞ்சும். சிலர் கால் கிலோ வாங்குவதை விட்டு ஒரே தடவையில் ஒரு கிலோ வாங்குவார்கள், அது இன்னும் நல்லது, உங்கள் ஆட்களின் நேரம் விடுபடும். தேன்குழலை 275க்குத் தாராளமாகக் கொடுங்கள். அப்போதும் கிலோவுக்கு 28.50 நிற்கிறது. போன கடைகளைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

இனி கல்யாண வீடு. இதற்குக் கிலோ கிடையாது, சரக்கும் உங்களுடையதல்ல. நீங்கள் விற்பது ஆட்களின் ஒரு நாளை. சேவைக்கு அடக்கம் பார்க்கும்போது எதை அலகாக வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. லாரிக்காரர் டன்-கிலோமீட்டர், அதாவது ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோவது, என்று பார்ப்பார், ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை ஒரு நாள், லாட்ஜில் ஒரு அறை ஒரு இரவு. உங்களுக்கு அடுப்பு மணி. தேன்குழலை டின்னில் போட்டு நாளைக்கு விற்கலாம், சும்மா போன நாளை அப்படி எடுத்துவைக்க முடியாது.

மூன்று ஆள் கூலி 2,100, வேன் 1,200, ஆக 3,300 கையிலிருந்து போகிறது. இதற்கு மேல், அன்றைக்கு வீட்டு அடுப்பு எரியாது. ஆறு மணி நேரத்தில் 60 கிலோ தேன்குழல் இறங்கியிருக்கும். இன்றைய விலையில் நேரடிச் செலவும் கேஸும் போகக் கிலோவுக்கு 82 வீதம் 4,920 ரூபாய். கடைக்காரர்கள் சரக்குக்குக் காத்திருக்கும் நாளில் நீங்கள் போனால் அந்த 4,920ஐயும் சேர்த்து 8,220 வந்தால்தான் சரிக்குச் சரி. 6,000 வாங்கினால் 2,220 நஷ்டம். ஆர்டர் இல்லாமல் அடுப்பு சும்மா இருக்கும் நாளில் அதே 6,000இல் 2,700 மிஞ்சும். தை, வைகாசி முகூர்த்தங்களில் கடை வியாபாரமும் நெரித்தால் ஒரு விலை, மந்தமான நாட்களில் ஒரு விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தப்பே இல்லை.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் 96,000க்குள் உங்கள் சம்பளமும் உங்கள் கணவர் சம்பளமும் இல்லை. விடிகாலையில் மாவு பிசைவதும் ராத்திரி கணக்கு எழுதுவதும் நீங்கள்தான் என்று எழுதியிருந்தீர்கள். மாதச் சம்பளக்காரருக்குத் தரும் 15,000த்தையே உங்கள் இருவருக்கும் போட்டால் 30,000. 90,000 ரூபாய்க்கு வாங்கிய கிரைண்டரும் அடுப்பும் ஐந்து வருடம் வரும் என்று வைத்தால் மாதம் 1,500 தேய்மானம். 32,000 மிச்சம் என்று நீங்கள் எழுதிய இடத்தில் 500 ரூபாய்தான் நிற்கிறது. இந்த 31,500ஐயும் மேற்செலவில் சேர்த்து இன்னொரு முறை அடுப்பு மணியால் பிரித்துப் பாருங்கள். மணிக்கு 210 கூடும், தேன்குழலுக்குக் கிலோவுக்கு 21, கைமுறுக்குக்கு 52.50. 275க்கு விற்கும் தேன்குழல் அதையும் தாங்குகிறது, கிலோவுக்கு ஏழரை ரூபாய் மிஞ்சும். கைமுறுக்குக்குப் பேக்கிங் கட்டணம் வாங்கினாலும் போதாது, விலையையும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும்.

மணிக்கு 10 கிலோ, பார்சலுக்கு 40 நிமிடம் என்பதெல்லாம் நீங்கள் மனக்கணக்காகச் சொன்னவை. அடுப்பு பற்றவைத்த நேரம், அணைத்த நேரம், அன்றைய பார்சல் எண்ணிக்கை, இந்த மூன்றையும் ஒரு நோட்டில் ஒரு மாதம் எழுதுங்கள். தீபாவளி மாதம் வேண்டாம், அப்போது எல்லா அளவும் தலைகீழாக இருக்கும். ஒரு சாதாரண மாதமாகப் பார்த்து எழுதி எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம்.