ஜிடி-ஆர் 600 குதிரை குடுத்துச்சு சரி, உங்க காரு?

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "என்னோடது 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்ல செட்டிங்கை மாத்தறது) பண்றவர், நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ரோட்டுல 280 குதிரை, ரேஸ்ல அதே இன்ஜின் 600, கம்பெனிக்காரன் எப்பவும் பவரைப் பூட்டி வச்சுத்தான் விப்பான், நான் தொறந்து விடறேன்னு சொல்றார். நம்பலாமா?"

அவர் சொன்ன நம்பர்ல பெரிய தப்பில்லீங்க, உதாரணம்தான் தப்பு. 1989ல வந்த அந்த ஆர்32 ஜிடி-ஆர், ரோடு காரை எடுத்து ரேஸுக்கு மாத்தினது இல்ல, ரேஸ் ஜெயிக்கணும்னே யோசிச்சு அதுக்காக ரோட்டுக்கு வித்த கார். அப்போ குரூப் ஏன்னு, ரோட்டுல விக்கற கார்களை வச்சு நடத்துற ரேஸ் வகை, அதோட விதிப்படி டர்போ இருந்தா சிசியை 1.7ஆல பெருக்கித்தான் எந்த கிளாஸ்னு பாப்பாங்க. 2568 சிசியைப் பெருக்கிப் பாருங்க, 4366 வரும், 4500 கிளாஸுக்குள்ள அழகா உக்காரும். 2.6 லிட்டர்னு ஒரு விநோதமான சைஸ் ஏன்னு இப்போ புரியுதா? பிளாக்கு வார்ப்பிரும்பு, ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் (காத்தை உள்ள விடுற வால்வு), ரெண்டு டர்போ, எல்லாமே ரேஸ் பவரைத் தாங்கணும்னு போட்டது. 280ங்கிறது ஜப்பான் கம்பெனிங்க இதுக்கு மேல போக வேணாம்னு தங்களுக்குள்ள பேசி வச்சுக்கிட்ட வரம்பு, இன்ஜினோட வரம்பு இல்ல.

அப்படிப்பட்ட இன்ஜின்லயே சும்மா பூஸ்ட்டை, அதாவது டர்போ உள்ள தள்ளுற காத்தோட அழுத்தத்தை, ஏத்திட முடியல, அதைத்தான் உங்க ஆள் சொல்லாம விட்டுட்டார். ரோடு கார் டர்போல டர்பைன் வீல் செராமிக், லேசா இருக்கும், சட்டுனு சுத்தும், ஆனா பூஸ்ட்டையும் சூட்டையும் ஏத்தினா ஷாஃப்ட்ட விட்டுக் கழண்டு போயிடும். அதனால நிசானோட ரேஸ் பிரிவான நிஸ்மோ பேர்ல மெட்டல் வீல் டர்போ போட்டு 560 கார் தனியா செஞ்சாங்க, அதை வச்சுத்தான் ரேஸுக்கு அனுமதி வாங்கினாங்க. அப்புறம் நடந்தது தெரியும்ல, ஜப்பான் குரூப் ஏ சாம்பியன்ஷிப்ல 1990லேர்ந்து 93 வரைக்கும் 29 ரேஸ், 29ம் ஜெயிப்பு. ஆஸ்திரேலியாவுல பாதர்ஸ்ட்ல நடக்குற பெரிய ரேஸ்ல 1991, 92 ரெண்டு வருஷமும் ஜெயிச்சது இந்த ஜிடி-ஆரை ஓட்டின ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும். 92ல கொட்டுற மழைல கார் இடிச்சு நின்னே போச்சு, ரேஸை நிறுத்தி முந்தின லேப் கணக்கைப் பாத்து இவங்கதான் ஜெயிச்சாங்கன்னு சொல்ல, கூட்டம் கத்துன கத்து இருக்கே, ரிச்சர்ட்ஸ் மேடையிலயே திட்டிட்டார்.

உங்க காருக்கு வருவோம். அதுல பூட்டி வச்ச 300 குதிரை எல்லாம் இல்ல. கம்பெனி விட்டு வச்ச கொஞ்சம் மார்ஜின், மட்டமான பெட்ரோல், ஏப்ரல் வெயில், நேரத்துக்கு ஆயில் மாத்தாத ஓனர், இதுக்கெல்லாம் சேத்து வச்சது, ரீமேப்புங்கிறது அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவு பண்றதுதான். பண்ணவே கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா எவ்வளவு குதிரை ஏறும்னு கேக்காதீங்க, 1500 ஆர்பிஎம்ல எவ்வளவு டார்க் (இன்ஜினோட சுத்துற விசை) ஏத்துறீங்கன்னு கேளுங்க. பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சுற சின்ன டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவுல கீழ் ஆர்பிஎம்ல டார்க்கை அள்ளிக் குடுத்தா, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் தானா பத்திக்கும், பிஸ்டன் உடையறது பெரும்பாலும் அங்கதான். டாப் எண்டுல, அதாவது மேல் ஆர்பிஎம்ல, கொஞ்சம் ஏத்தி, கீழ கை வைக்காத மேப்தான் நல்ல மேப். கியர்பாக்ஸ் டிரை கிளட்ச் டிசிடியா (ஆயில்ல முங்காத ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக்) இருந்தா இன்னும் யோசிங்க, இன்ஜின் தாங்கினாலும் கிளட்ச் தாங்காது. 95 ஆக்டேனுக்குப் போட்ட மேப்ல அவசரத்துக்கு அதைவிடக் கம்மி ஆக்டேன் பெட்ரோல் ஊத்தி ஹைவேல விரட்டாதீங்க.

மேப் போட்டப்புறம் மத்தியான வெயில்ல ஒரு ரவுண்ட் ஓட்டி லாக் (இன்ஜின் கம்ப்யூட்டரோட பதிவு) எடுத்துத் தரச் சொல்லுங்க, நாக் (பெட்ரோல் தாறுமாறா வெடிக்கறது) எவ்வளவு, உள்ள போற காத்தோட சூடு எவ்வளவுன்னு அதுல இருக்கும். தர மாட்டேன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. தந்தாலும் ஒரிஜினல் ஃபைலோட காப்பியைக் கைல வாங்காம காசு குடுக்காதீங்க. வாரண்டியும் இன்ஷூரன்ஸும் என்ன ஆகும்னு இதுக்கெல்லாம் முன்னாடியே விசாரிச்சிடுங்க.