செக்கு எண்ணெய் விற்பவர் வலைத்தளம் தொடங்குவதற்கு முன்

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் மரச்செக்கில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். இதுவரை வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர் எடுத்து வந்தோம். வெளியூர் வாடிக்கையாளர்கள் பெருகியிருப்பதால் வலைத்தளம் தொடங்க விரும்புகிறோம். வடிவமைப்பவரிடம் பேசுவதற்கு முன் நாங்கள் முடிவு செய்ய வேண்டியவை எவை?

பதில்: நிறம், முகப்புப் படம் ஆகியவற்றைப் பற்றிய பேச்சைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, கடந்த சில மாதங்களில் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் உங்களிடம் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். வலைத்தளத்தின் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டதே, கலப்படமா என்று யாரேனும் கட்டாயம் கேட்டிருப்பார்கள். ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைவது இயல்பு என்று நீங்களும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கியிருப்பீர்கள். லிட்டர் பாட்டிலை எடை போட்டால் ஏன் 910 கிராம் அளவில்தான் நிற்கிறது, அடியில் கசடு தங்குவது ஏன், நல்லெண்ணெயில் கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறீர்களா என்பன போன்ற கேள்விகளுக்கு நீங்கள் பேசும் மொழியிலேயே எழுதப்படும் பதில்கள், வேறு தளங்களிலிருந்து நகலெடுக்கப்படும் 'எங்களைப் பற்றி' பக்கத்தைவிடப் பல மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. அவற்றை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடு தமிழில் எழுதச் சொல்லுங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததையோ படமாக ஒட்டியதையோ கூகுள் தேடலில் கண்டுபிடிப்பது கடினம்.

ஒன்றை மட்டும் எழுதாதீர்கள். இந்த எண்ணெய் சர்க்கரை நோயைத் தீர்க்கும், மூட்டுவலியைப் போக்கும் என்பன போன்ற வாசகங்கள் வேண்டாம். உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தந்த எண்ணையும் சேர்த்துவிடுங்கள். நிலக்கடலை விலை ஏறி இறங்கும்போதெல்லாம் வடிவமைப்பவரை அழைத்துக் காத்திருக்க முடியாது என்பதால், விலையையும் இருப்பையும் நீங்களே கைபேசியிலிருந்து மாற்றும் வசதியை முதல் நிபந்தனையாக வையுங்கள்.

பெங்களூரிலிருந்து ஓர் ஆர்டர் வந்து அதை அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் விற்பனை ஆகிவிடுகிறது. அதற்கு, ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குக் குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இன்னும் பதிவு செய்யாதவர் என்றால், தொடக்கத்தில் தமிழ்நாட்டு முகவரிகளுக்கு மட்டும் ஆர்டர் ஏற்கும்படி தளத்தை அமைக்கலாம். எது வசதி என்பதை உங்கள் கணக்கரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தளத்தின் இணைய முகவரியான டொமைன் பெயரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்து, நீங்களே பணம் கட்டிப் பதிவு செய்யுங்கள். வடிவமைப்பவர் தம் கணக்கில் பதிவு செய்து, பின்னாளில் அவரைத் தொடர்புகொள்ள முடியாமல் போனால், புதுப்பிக்கும் நாளில் உங்கள் கையில் எதுவும் இருக்காது. காலாவதியான பெயரை வேறு எவரும் வாங்கிக்கொள்ளலாம். பாட்டிலிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட்ட முகவரி இன்னொருவருக்குச் சொந்தமாவதைச் சிறு தொழில் தாங்காது.

பாட்டில் உடைந்தோ கசிந்தோ போய்ச் சேர்ந்தால் பணம் திரும்பத் தருவீர்களா, மாற்று பாட்டில் அனுப்புவீர்களா என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்; ஆன்லைனில் பணம் பெறும் வசதியைத் தரும் நிறுவனங்களும் அந்தப் பக்கத்தைக் கேட்கும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்குப் பொறுப்பானவரின் பெயரும் தொடர்பு எண்ணும் தளத்தில் இருக்க வேண்டும். செக்கு ஓடும் நேரத்திலும் கைபேசியை எடுத்துப் பேசக்கூடியவர் உங்கள் வீட்டில் யார் என்று பார்த்து அந்தப் பெயரைக் கொடுங்கள்.