பழைய கணினி, பூட்டிய கணக்கு: லினக்ஸுக்கு மாறலாமா?

கேள்வி: கீழக்கரைப் பக்கம் வாப்பா சின்னதாக, மீனவர்களிடம் நண்டு, கணவாய் எடுக்கும் கம்பெனி வைத்திருக்கிறார். கணக்கு பார்ப்பது நான். 2015-ல் வாங்கிய டெஸ்க்டாப், 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் வருகிறது. விண்டோஸ் 11 இதில் ஏறாதாம். சர்வீஸ்காரர் புதிது வாங்கச் சொல்கிறார், இல்லையென்றால் ‘கிராக்’ (உரிமப் பூட்டை உடைக்கும் திருட்டு நிரல்) போட்டுத் தருகிறேன் என்கிறார். இதற்கிடையே பில் மென்பொருளின் வருடச் சந்தா முடிந்துவிட்டது. பழைய பில்களைப் பார்க்க முடிகிறது, எக்செலில் எடுக்க முடியவில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் இலவசம் என்கிறார்கள். அது சட்டப்படி சரியா? பழைய தமிழ்க் கடிதங்கள் அதில் திறக்குமா? ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்றில் மாட்டிக்கொள்வேனா? இன்னொன்று, எங்கள் வல்லத்தின் (மீன்பிடிப் படகு) ஜிபிஎஸ் கருவி பழசாகிவிட்டது. அதில் குறித்து வைத்திருக்கும் கடல் இடங்களை, அதாவது பாயிண்டுகளை, காப்பாற்ற வழி உண்டா? (ஒரு வாசகி)

பதில்: மாறலாம். ஆனால் இந்த வாரமே வேண்டாம். கணக்கை வெளியே எடுப்பது முதல் வேலை, கணினியை மாற்றுவது கடைசி வேலை. என்னிடம் வருகிறவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். உற்சாகத்தில் டிஸ்க்கை முழுதாக அழித்து லினக்ஸ் ஏற்றிவிட்டு, அப்புறம் பழைய பில் எங்கே என்று கேட்பார்கள்.

உங்களுக்கு நடந்திருப்பதை வாப்பாவிடம் விளக்குவது சுலபம். வலைக்கும் இன்ஜினுக்கும் கம்பெனி முன்பணம் கொடுக்கும். அதை வாங்கிய வல்லம், பிடித்து வரும் நண்டை அதே கம்பெனிக்குத்தான் போட வேண்டும். பணத்தைத் தீர்க்கும் வரை வேறு தராசுப் பக்கம் போக முடியாது. விலை நியாயமாக இருந்தாலும் கட்டு கட்டுதான். பில் மென்பொருள் இப்போது உங்கள் கம்பெனியை அந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறது. உங்கள் பில், நீங்கள் தட்டியது, உங்கள் டிஸ்க்கில்தான் கிடக்கிறது. எடுத்துப் போக மட்டும் இன்னொருவர் சம்மதம் வேண்டும்.

கணினி விஷயமும் அதுவேதான். உங்கள் டெஸ்க்டாப் பழுதாகவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசசரும் வேண்டும். 2015-ல் வாங்கிய கணினியில் அந்தப் பிராசசர் இருக்க வாய்ப்பே இல்லை. நன்றாக ஓடும் ஒரு பொருளின் ஆயுளை வேறொருவர் முடிவு செய்கிறார். இலவசமா, காசா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சட்டத்துக்கு வருவோம். நீங்கள் ‘இலவசம்’ என்று எழுதியதைத் தமிழில் மென்பொருள்காரர்கள் ‘கட்டற்ற’ என்பார்கள். ஆங்கிலத்தில் ஃப்ரீ என்ற ஒரே சொல் காசில்லாததையும் சுதந்திரத்தையும் சேர்த்துக் குறிப்பதால் அங்கே நாற்பது வருடமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கட்டு அற்றது என்று சொல்லிவிட்டால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த வேலைக்கும் ஓட்டலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மாற்றலாம், அப்படியே நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கையும் மென்பொருளோடு வரும் உரிமமே எழுத்தில் தருகிறது. நகலுக்குக் காசு வாங்கினாலும் தப்பில்லை. ஏற்றிக் கொடுக்கிறவர் கூலி வாங்குவது ரொம்பவே நியாயம்.

இது ஒரு பிரிண்டரில் தொடங்கிய சண்டை என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்தபோது, பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்குத் தகவல் போகும்படி நிரலை மாற்றி வைத்திருந்தார். அப்புறம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புது லேசர் பிரிண்டர் வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது. நிரலைத் திருத்தலாம் என்றால், படித்து மாற்றக்கூடிய மூலநிரலைக் கொடுக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் கேட்டதற்கு, யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். நம் ஊரில் ஜெராக்ஸ் என்றாலே நகல். அந்த ஒன்றுக்கு மட்டும் நகல் கிடைக்கவில்லை. 1983-ல் ஸ்டால்மன், கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்தார். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கரு (கணினியை அடியில் இருந்து இயக்கும் நிரல்) அதனோடு சேர்ந்ததுதான் இன்று நாம் சுருக்கமாக லினக்ஸ் என்று சொல்வது.

லினக்ஸ் என்ற பெயர் இருந்தாலே கட்டு அவிழ்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியிலும் அதே கருதான் ஓடுகிறது. ஆனால் போனோடு வந்த பல ஆப்களை உங்களால் நீக்க முடிவதில்லை.

கிராக் வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கிராக்கைப் போடும்போது ஆன்டிவைரஸை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கிற கணினியில் முன்பின் தெரியாதவர் எழுதியதை, காவலையும் எடுத்துவிட்டு, உள்ளே விடச் சொல்கிறார்கள்.

சரி, கணக்கை எப்படி எடுப்பது? பில் மென்பொருள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். அதை ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொரு நகலில் வேலை செய்யுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் கோப்புப் பெயரின் வால் (புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) தெரியும்படி வையுங்கள். அந்த வால்தான் துப்பு. டிபிஎஃப் என்று முடிந்தால் அதிர்ஷ்டம், எக்செல் மாதிரியான லிப்ரே ஆபிஸ் கால்க் நேரடியாகத் திறக்கும். எம்டிபி என்று முடிந்தால் அது பெரும்பாலும் ஆக்சஸ் தரவுத்தளம். எம்டிபி டூல்ஸ் என்ற கட்டற்ற கருவி அதிலுள்ள அட்டவணைகளை ஒவ்வொன்றாக சிஎஸ்வி கோப்பாக்கிக் (எக்செலிலும் திறக்கும், காற்புள்ளியால் கட்டங்களைப் பிரிக்கும் கோப்பு) கொடுக்கும். கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தாலோ வால் புரியாவிட்டாலோ வேறு பாதை உண்டு. பில்லைப் பார்க்க முடிகிறது என்கிறீர்களே, அச்சிட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மாதம் மாதமாக விற்பனை, கொள்முதல், பற்று வரவு அறிக்கைகளை விண்டோஸிலேயே இருக்கும் ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ வழியே சேமியுங்கள். டபுலா என்ற கட்டற்ற மென்பொருள் பிடிஎஃப்-ல் உள்ள அட்டவணையைப் பிரித்து சிஎஸ்வி ஆக்கும், பக்கம் படமாக இல்லாமல் எழுத்தாக இருந்தால். எடுத்ததும் ஒரு மாதத்தின் கூட்டுத்தொகையைப் பழைய திரையோடு ஒப்பிடுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டு, ஆயிரத்தைத் தொட்ட தொகைகளில் காற்புள்ளிக்குப் பின்னால் இருந்ததெல்லாம் அடுத்த கட்டத்துக்குத் தாவியிருந்ததை மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தேன்.

இதைத் தள்ளிப்போட முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. கம்பெனி ஜிஎஸ்டியில் பதிவாகியிருந்தால், ஒரு வருடத்தின் கணக்கை அந்த வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது சந்தா முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

அடுத்து, விண்டோஸை விடாமலே நிரல்களை மாற்றுங்கள். லிப்ரே ஆபிஸ், ஃபயர்பாக்ஸ், விஎல்சி மூன்றும் விண்டோஸிலும் ஓடும். ஒரு மாதம் இவற்றில் மட்டும் வேலை பாருங்கள். எரிச்சல் எல்லாம் இந்த மாதத்திலேயே வந்து போய்விடும், திரும்பிப் போகவும் வழி இருக்கும். கோப்புகளை ஓடிஎஃப் என்ற பொது வடிவில் சேமியுங்கள். அது 2006-லிருந்து ஐஎஸ்ஓ தரம், எந்தக் கம்பெனி கடையைச் சாத்தினாலும் படிக்க முடியும். வெளியே அனுப்புவதற்கு பிடிஎஃப்.

அப்புறம்தான் லினக்ஸ். லினக்ஸ் பல வகையாக வருகிறது, உங்கள் கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற வகையின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். 4 ஜிபி ராமில் ஓடும், 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே கிளப்பிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொடாது. வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, வங்கித் தளம் திறக்கிறதா என்று ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். பிரிண்டரை இரண்டு முறை சோதியுங்கள். பழைய லேசர் பிரிண்டர்களில் சில லினக்ஸில் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கணினிப் பெட்டியைத் திறந்தால் செய்ய ஒரு சின்ன வேலை. கடலோரக் கணினிகள் மெதுவாவதற்கும் அடிக்கடி நின்றுபோவதற்கும் விண்டோஸ் மட்டும் காரணமில்லை. உப்புக் காற்றில் ராமின் பித்தளை நிறப் பற்கள் கறுத்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, ராமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போட்டால் புதுக் கணினி நினைப்பே போய்விடும்.

ஒளிக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆடிட்டர் டேலி கோப்புதான் வேண்டும் என்றால், டேலி லினக்ஸுக்கென்று வருவதில்லை. குனுகேஷ் நல்ல இரட்டைப் பதிவுக் கணக்கு, ஆனால் நம் ஜிஎஸ்டி அதற்குத் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது, பழைய விண்டோஸை இணையம் இல்லாமல் அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை லினக்ஸில் செய்யுங்கள் என்பதுதான். இது அரைக் கிணறு தாண்டுவதாகாதா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சீசன் நேரத்தில் பில் போட முடியாமல் நிற்பதைவிட இது மேல்.

பழைய தமிழ்க் கடிதங்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் இருக்கும் என்று நினைக்கிறேன். லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். லினக்ஸின் தப்பு இல்லை, போனில் திறந்தாலும் அப்படித்தான். அவை கணினிக்குள் ஆங்கில எழுத்தாகவே சேமிக்கப்பட்டு, எழுத்துரு மட்டும் தமிழ் வேடம் போட்டிருக்கும். படிக்க மட்டும் வேண்டுமென்றால் அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுபோனால் போதும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுங்கள். ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பில் இதற்கான மாற்றிகள் இருக்கின்றன. தமிழக அரசே 2010-ல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. தட்டச்சுக்கு தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் கிடைக்கும், ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊரில் யாருக்கும் தெரியாது என்ற பயம் நியாயம்தான், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. அரசு கொடுத்த மடிக்கணினிகளில் ஒரு காலத்தில் விண்டோஸோடு பாஸ் என்ற நம் நாட்டு லினக்ஸும் வந்தது. அது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கில், சென்னையில் உருவானது. என் கைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் அதை அழித்துவிட்டுத்தான் வந்தன, அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால். கேரளத்தில் அரசுப் பள்ளிகளே கட்டற்ற மென்பொருளில் நடக்கின்றன. தமிழிலேயே படிக்க கணியம் என்ற இணைய இதழ் இருக்கிறது. விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி என்ற லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாராவாரம் சொல்லித் தந்து பெயர் வாங்கியது. உங்கள் சர்வீஸ்காரரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அவரையே பக்கத்தில் உட்காரவைத்து மின்ட்டை ஏற்றச் சொல்லி, கூலியைக் கொடுங்கள். அடுத்த கணினிக்கு அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக ஜிபிஎஸ். உண்மையில் இதுதான் உங்கள் வீட்டின் பெரிய சொத்து. பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கும் இடங்களை வருடக்கணக்கில் தேடிக் குறித்த பாயிண்டுகள் ஒரு பழைய கருவிக்குள் கிடக்கின்றன. மெமரி கார்டு போடும் கருவியானால் மெனுவில் பாயிண்டுகளைக் கார்டுக்கு ஏற்றும் வசதியைத் தேடுங்கள். ஜிபிஎஸ் பேபல் என்ற கட்டற்ற மென்பொருள் பல கம்பெனி வடிவங்களை ஜிபிஎக்ஸ் என்ற பொது வடிவத்துக்கு மாற்றும். புதுக் கருவி எந்தக் கம்பெனி என்றாலும் ஜிபிஎக்ஸ் ஏறுமா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

கார்டு இல்லாத கருவி என்றால் நோட்டில் கையால் எழுதுவதுதான் வழி, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கருவி எந்த முறையில் காட்டுகிறது என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 9 டிகிரி 16.50 நிமிடம் என்பது 9 டிகிரி 16 நிமிடம் 30 விநாடி. அதைப் புதுக் கருவியில் 16 நிமிடம் 50 விநாடி என்று போட்டுவிட்டால் வல்லம் அறுநூறு மீட்டருக்கு மேல் வடக்கே தள்ளிப்போய் நிற்கும், வலையைப் போட்டுவிட்டு பார் எங்கே போனது என்று தேட வேண்டியதுதான்.