கூடவே எடுத்துவிடலாமா?

அன்புள்ள அக்கா,

உங்கள் அறுவை சிகிச்சையைப் பற்றி முன்பு நீங்கள் எழுதியதைப் படித்த துணிச்சலில் இதை எழுதுகிறேன். வயது 46. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன், பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டிகள். பெரியது 9 சென்டிமீட்டர். மாதத்தில் பத்து நாள் இரத்தப்போக்கு. கம்பெனி பஸ் பாலத்தைத் தாண்டுவதற்குள் உடுப்பு நனைந்துவிடுமோ என்று இருக்கையில் பிளாஸ்டிக் பையை விரித்து உட்காருகிறேன். ஹீமோகுளோபின் 8.2. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. கர்ப்பப்பைக்குள் வைத்த ஹார்மோன் சாதனம் இரண்டே மாதத்தில் தானாக வெளியே வந்துவிட்டது. கர்ப்பப்பையை எடுப்பதென்று முடிவு செய்துவிட்டோம். தைப்பூசம் முடிந்த மறுவாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அதில் எனக்குக் குழப்பம் இல்லை. போன வாரம் டாக்டர், "46 ஆகிவிட்டதே, சினைப்பைகளையும் கூடவே எடுத்துவிடலாமா? யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். வெளியே கூட்டம் காத்திருந்தது, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் நாத்தனாருக்கு 54 வயதில் எல்லாவற்றையும் எடுத்தார்கள். "கல்லுப் போல் இருக்கிறேன் பார். பிள்ளை பெற்றாயிற்று, இனி அது எதற்கு? வயிற்றைத் திறக்கும்போதே எடுத்துவிடு. அதில் புற்றுநோய் வந்தால் முற்றிய பிறகுதான் தெரியும்" என்கிறார். என் தங்கை, எடுத்தால் ஒரே நாளில் கிழவியாகிவிடுவாய் என்று பயமுறுத்துகிறாள். கணவர், "உனக்கு எது சரியோ அதைச் செய்" என்கிறார்.

குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று டாக்டர் கேட்டார். அம்மா வழியில் யாருக்கும் இல்லை என்றேன். அப்பாவின் அக்கா மட்டும் வயிறு வீங்கி, நீர் எடுத்து எடுத்து, 52 வயதில் தைப்பிங்கில் இறந்தார். வயிற்றுப் புற்றுநோய் என்றார்கள். அவர் மகளுக்கு 43 வயதில் மார்பில் ஒரு கட்டி எடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் நாத்தனாருக்குத் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறீர்கள். அத்தையைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். எனக்கோ முழுக் கடிதமும் அந்த அத்தைதான். அவரிடம் வருவதற்கு முன் நாத்தனாருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிடுவோம்.

"திறக்கும்போதே எடுத்துவிடு" என்பது வீடு புதுப்பிப்பவர்கள் பேசுகிற பேச்சு. சுவரை உடைக்கிறோமே, கூடவே பழைய குழாயையும் மாற்றிவிடலாம் என்பார்கள். 46 வயதுச் சினைப்பை பழுதான குழாய் இல்லை. மாதவிடாய் தானாக நிற்பது பெரும்பாலும் 50 வயதை ஒட்டி. அதுவரை அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் எலும்பையும் இரத்தக் குழாய்களையும் தூக்கத்தையும் தாம்பத்தியத்தையும் பார்த்துக்கொள்கிறது. நின்ற பிறகும் டெஸ்டோஸ்டிரோன் போன்ற சில ஹார்மோன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கிறது. கொழுப்புத் திசு அதில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. நாத்தனாருக்கு எடுத்தது 54 வயதில். அவருக்கு அநேகமாக அதற்கு முன்பே எல்லாம் அடங்கியிருக்கும். அவருடைய அனுபவம் உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

தங்கை சொல்வது மிகை, ஆனால் அடிப்படை இல்லாமல் இல்லை. இயற்கையாக நிற்கும்போது ஹார்மோன் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கி அடங்கும், உடல் பழகிக்கொள்ளும். இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் அது ஒரே நாளில் விழும். எல்லோரையும் ஒரே மாதிரி வாட்டாது என்றாலும், உங்கள் வேலையிடத்தை நினைத்துப் பாருங்கள். தூசில்லா அறை, தலைமூடி, முகமூடி, கையுறை, கழுத்துவரை ஜிப் போட்ட வெள்ளை உடுப்பு. அதற்குள் திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி வியர்த்துக் கொட்டும். முகத்தைத் துடைக்க வேண்டுமென்றால்கூட வெளியே வந்து அத்தனையையும் கழற்றி, திரும்பப் புதிதாக மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு ஷிப்டில் எத்தனை முறை முடியும்? (ஆயர் ஈத்தாமில் நாத்தனாருக்கும் இப்படி வந்திருந்தாலும், பினாங்குப் புழுக்கத்தில் அதைத் தனியாகக் கண்டுபிடித்திருக்க மாட்டார்.)

வியர்வையாவது சில ஆண்டுகளில் ஓயும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இதயம். அமெரிக்காவில் தாதியரை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் கர்ப்பப்பை எடுத்த 29,380 பெண்களை 24 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். சினைப்பைகளையும் எடுத்துக்கொண்டவர்களிடையே சினைப்பைப் புற்றுநோய் அருகிவிட்டது, மார்பகப் புற்றுநோயும் குறைந்தது. ஆனால் இதயநோயும் நுரையீரல் புற்றுநோயும் கூடின. மொத்தச் சாவுகளும் கூடின. எந்த வயதுப் பிரிவிலும், எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிக காலம் வாழவில்லை. இது சீட்டுக் குலுக்கி இரு பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. அந்தப் பெண்களிடையே வேறு வித்தியாசங்களும் இருந்திருக்கலாம். என்றாலும் "எடுத்துவிட்டால் நிம்மதி" என்ற பேச்சுக்கு இதற்குப் பிறகு பலமில்லை. மலேசியாவிலும் பெண்களின் உயிரைப் பறிக்கும் முன்னணிக் காரணங்களில் இதயநோய் ஒன்று. நீரிழிவு நுழையாத வீடு நம்மவர்களிடையே எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்றில் நாத்தனார் சொல்வது சரி. சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க நல்ல வழி இன்றுவரை இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு சோதித்தார்கள், ஸ்கேனோ சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையோ ஆண்டுதோறும் செய்துகொண்டவர்களிடையே இந்த நோயால் இறந்தவர்கள் குறையவில்லை என்று 2021இல் வெளியிட்டார்கள். போதாக்குறைக்கு ஃபைப்ராய்டு இருந்தாலே சி.ஏ. 125 ஏறலாம். ஆகவே "வைத்துக்கொண்டு வருடா வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் வேறு: குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெண்ணுக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றை ஒட்டித்தான்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெண்ணுக்கு. நீங்கள் அந்தக் கணக்கில் சேருகிறீர்களா என்பதுதான் கேள்வி.

நம் குடும்பங்களில் பெண்களின் நோயை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. வயிற்றில் கட்டி, உள்ளே புண், நீர் கோத்துக்கொண்டது என்பார்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எதைச் சொன்னார்களோ அதுவே காலப்போக்கில் மரணத்துக்குக் காரணமாகிவிடும். பெண்பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் இன்னும் மூடுவார்கள். நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். உங்கள் அத்தைக்கு வந்தது இரைப்பையிலா, ஈரலிலா, சினைப்பையிலா என்பதை இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. வயிற்றில் நீர் சேர்வது மூன்றிலும் உண்டு. சினைப்பைப் புற்றுநோய் முற்றும்போது அது மிகச் சாதாரணம். அதோடு அவருடைய மகளுக்கு 43 வயதில் மார்பில் கட்டி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த மருத்துவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். நீங்கள் அவரிடம் அம்மா வழியை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

அப்பா வழியும் அதே அளவுக்கு முக்கியம். மார்பகப் புற்றுநோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் வழிவிடும் கோளாறு பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுக்களில் ஏற்படும். அது ஆண், பெண் பார்ப்பதில்லை. அப்பாவுக்குச் சினைப்பை இல்லை என்பதால் அவரிடம் அது வெளியே தெரியாமல் இருக்கலாம். மகளுக்குக் கொடுக்க அது தடையில்லை. அத்தைக்கு அப்படியொரு கோளாறு இருந்திருந்தால், அப்பாவுக்கு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, உங்களுக்கு நான்கில் ஒன்று. இருக்கிறதென்று ஆகிவிட்டால் மேலே சொன்ன நூற்றில் ஒன்று செல்லாது. முதல் வகையில் ஏறத்தாழ நூற்றில் நாற்பது, இரண்டாவதில் பத்து முதல் இருபது வரை. முதல் வகை உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள், இரண்டாவது வகைக்கு 40 முதல் 45 வயதுக்குள் சினைப்பைகளையும் சினைக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். நடிகை ஆஞ்சலினா ஜோலி 2015இல் 39 வயதில் எடுத்துக்கொண்டது இந்தக் காரணத்துக்காகத்தான். அவருடைய தாயார் 56 வயதில் புற்றுநோயால் இறந்தவர்.

அப்படி ஒரு முடிவு வந்தால் இதுவரை நான் சொன்னது அத்தனையையும் திருப்பிப் போட்டுவிடுங்கள். எடுத்துவிடுங்கள், தயங்காதீர்கள். வியர்வைக்கும் எலும்புக்கும் ஹார்மோன் மருந்து இருக்கிறது. 2002இல் ஓர் ஆய்வு இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று சொன்னதிலிருந்து நம் பெண்கள் ஹார்மோன் என்றாலே ஓடுகிறார்கள். கர்ப்பப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அதே ஆய்வில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் அந்த நோய் கூடவில்லை. மரபணுக் கோளாறு இருப்பவருக்குக் கொடுக்கலாமா, எவ்வளவு காலம் என்பதை மார்பகத்தையும் பரிசோதித்துவிட்டு மருத்துவர் சொல்ல வேண்டும்.

முதலில் அத்தை மகளுக்குத் தொலைபேசுங்கள். எடுத்த கட்டி புற்றுநோயா, சாதாரணக் கட்டியா, திசுப் பரிசோதனை அறிக்கை கையில் இருக்கிறதா, மரபணுச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். மரபணுச் சோதனையை நோய் வந்தவரிடமிருந்து தொடங்குவதுதான் முறை. அவரிடம் கோளாறு தெரிந்தால் உங்களிடம் அதை மட்டும் தேடினால் போதும். அடுத்து அப்பா. அத்தையின் மரணச் சான்றிதழ், மருத்துவமனைக் காகிதங்கள் ஏதாவது கிடைக்குமா பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறதென்று அம்மாவை அனுப்பாதீர்கள். பாதியை அவரே மென்று விழுங்கிவிடுவார். பிறகு உங்கள் டாக்டரிடம் அப்பா வழியையும் சேர்த்துச் சொல்லி, மரபணு ஆலோசனைக்குக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இது நடக்கிறது. முடிவு வர வாரங்கள் ஆகும். தைப்பூசத்துக்குள் வராவிட்டால் அறுவையைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். அதுவரை இரத்தப்போக்கை மருந்தால் மட்டுப்படுத்த முடியுமா என்று கேளுங்கள். இரண்டு தடவை வயிற்றைத் திறப்பதைவிட இன்னும் சில வாரம் பிளாஸ்டிக் பையோடு பஸ்ஸில் போவது மேல்.

மகளுக்கு வந்தது சாதாரணக் கட்டி, அத்தைக்கு வந்தது நிஜமாகவே இரைப்பையில் என்று தெரியவந்தால், சினைப்பைகளை வைத்துக்கொள்ளுங்கள். சினைக்குழாய்களை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் மிகக் கொடிய வகை பெரும்பாலும் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று தெரியவந்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதலே கர்ப்பப்பை எடுக்கும்போது குழாய்களையும் எடுக்கச் சொல்லி வருகிறார்கள். குழாய் ஹார்மோன் சுரப்பதில்லை, எடுப்பதால் உடனே மாதவிடாய் நிற்கும் தொல்லைகள் வருவதும் இல்லை.

கையெழுத்துப் போடும் தாளை வாங்கிப் படியுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த வரிகளைவிட, நடுவில் பேனாவால் எழுதிய எழுத்துகள்தான் முக்கியம். டி.ஏ.எச். என்றால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையையும் அதன் வாயையும் எடுப்பது. பின்னால் பி.எஸ். என்று மட்டும் இருந்தால் இரு குழாய்கள். பி.எஸ்.ஓ. என்று இருந்தால் சினைப்பைகளும் போகும். அந்த ஓ உங்கள் சம்மதத்தோடுதான் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்கும்போது சினைப்பையில் சந்தேகமாக ஏதாவது தென்பட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டீர்கள். எனக்கு அப்போது 48 வயது, இரு வழியிலும் யாருக்கும் இல்லை, சினைப்பைகளை வைத்துக்கொண்டேன். கர்ப்பப்பை வழியாக வரும் இரத்த ஓட்டம் அறுபட்டுவிடுவதால், வைத்துக்கொண்டாலும் அவை கொஞ்சம் முன்னதாகவே ஓயக்கூடும். மாதவிடாய் இல்லாததால் அது எப்போது ஓய்ந்தது என்றும் தெரியாது. தூக்கம் கெட்டு வியர்க்கத் தொடங்கினால் இரத்தப் பரிசோதனை செய்துபாருங்கள்.

8.2 ஹீமோகுளோபினோடு அறுவை மேசைக்குப் போகாதீர்கள். அறுவைக்கு முன் அதை ஏற்றுவதற்கு இரும்புச்சத்து நரம்பு வழியாக ஏற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரைதான் என்றால் அதைத் தே தாரேக்கோடு விழுங்காதீர்கள், தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. ஆரஞ்சுச் சாற்றோடு குடியுங்கள். தேநீர் இரண்டு மணி நேரம் கழித்து.