பதில்: இரணைமடுவில் நீந்துகிறவர் தூன் ஏரியில் இறங்கலாமா?

தம்பி, கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் ஒரு மணித்தியாலம் நிற்காமல் நீந்துவேன், ஜூனில் சுவிஸில் அக்கா வீட்டுக்குப் போகும்போது தூன் ஏரியிலும் அப்படி நீந்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீச்சலில் குறையில்லை. குளிர்தான் பிரச்சினை.

நம்முடைய குளத்துத் தண்ணீர் வெயிலில் கிடந்து வெதுவெதுப்பாக இருக்கும். அந்த ஏரிக்கு வருவது அல்ப்ஸ் மலைப் பனி உருகிய நீர். ஜூனில் பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழேதான். குளிர் பட்டதும் உடம்பு தன்பாட்டில் மூச்சை இழுக்கும். அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் முடிந்தது கதை. ஆகவே கட்டிலிருந்து பாய்கிற பழக்கத்தைக் கிளிநொச்சியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மெல்ல இறங்கி, முகத்தையும் பிடரியையும் நனைத்து, மூச்சுச் சீராகும்வரை இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள். அப்புறம் கரையோரமாகவே நீந்துங்கள். விரல்களைச் சேர்த்துப் பிடிக்க முடியாமல் விறைத்தால் உடனே ஏறிவிடுங்கள். ஏறிய பிறகும் உடல் வெப்பம் கொஞ்ச நேரம் இறங்கும். சுடுநீர்க் குளியலுக்கு ஓடாமல் உடுப்பு மாற்றித் தேநீர் குடியுங்கள்.

வெட்சூட்டும் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) இடுப்பில் கட்டும் செம்மஞ்சள் மிதவையும் அக்காவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பயணிகள் கப்பல் ஓடுகிற ஏரி அது.

கரையில் செம்மஞ்சள் விளக்கு நிமிடத்துக்கு 40 தரம் மினுங்கினால் பலத்த காற்று வரலாம், 90 தரம் என்றால் புயல் எச்சரிக்கை. 40க்கே வெளியே வாருங்கள். தூன் நகரப் பக்கம் ஆரே ஆறு வெளியேறுகிறது. இரணைமடு நிரம்பி வான் பாயும்போது கதவடியில் இறங்குவீர்களா? அங்கேயும் இறங்காதீர்கள்.