அந்தப் பாட்டி கேட்ட கேள்வி

கேள்வி: நான் 19 வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் 200 நர்ஸுகள் முன்னால் 15 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "சும்மா அறிவுரை சொல்லாம, சிரிக்கச் சிரிக்க, மனசு திறந்து பேசுங்க" என்கிறார் எங்கள் சூப்பரின்டென்டன்ட் மேடம். போன வருடம் ஒரு கூட்டத்தில், எங்கோ படித்த ஜோக் ஒன்றைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மைக்கைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பெட்டுக்கு உரிய மாத்திரையைப் பக்கத்து பெட் பாட்டியிடம் நீட்டிவிட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நான் அந்த பெட்டுக்கு மாறிப் படுத்துக்கட்டுமா, இல்ல நீ மாத்திரைய மாத்தித் தர்றியா?" என்று கேட்டார். இதை மேடையில் சொல்லலாமா? என் மரியாதை போய்விடாதா? நடுவில் அழுகை வந்துவிட்டால் என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பாட்டியின் கேள்வியைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த நொடியே வயிற்றைப் பிசைந்தது. அவர் பார்க்காமல் விழுங்கியிருந்தால்? உங்கள் எதிரில் உட்காரப்போகும் 200 பேருக்கும் இதேதான் நடக்கும். பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று வெளியே தேடாதீர்கள். அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

முதலில் அந்த ஜோக்கை மறந்துவிடுங்கள். அது தோற்றதற்கு உங்கள் குரலோ முகமோ காரணம் இல்லை. யாரோ எழுதிய ஜோக்கை மனப்பாடம் செய்து சொல்லும்போது நம் கவனம் முழுக்க வார்த்தைகளை ஞாபகம் வைப்பதிலேயே போய்விடும். எதிரில் இருப்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். காந்திக்கே இது நடந்திருக்கிறது. 1891-ல் படிப்பு முடிந்து லண்டனை விட்டுக் கிளம்பும்போது நண்பர்களுக்கு ஒரு விருந்து கொடுத்தார். அங்கே நகைச்சுவையாகப் பேச வேண்டும் என்று, தான் படித்திருந்த ஒரு வேடிக்கைச் சம்பவத்தை வைத்து நாலைந்து வாக்கியங்களைக் கவனமாகத் தயார் செய்து வைத்திருந்தார். எழுந்து நின்றார். முதல் வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் இதை அவரே மறைக்காமல் எழுதினார். கடன் வாங்கிய நகைச்சுவை அவரைக் கைவிட்டது. ஆனால் அந்தச் சங்கடத்தை உள்ளபடி எழுதியபோது, படிக்கிற நமக்கு முகத்தில் ஒரு புன்னகை வருகிறது, அவர் மேல் பிரியமும் கூடுகிறது.

சிரிப்பு ஜோக்கிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. ராபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளர், பொது இடங்களில் மக்கள் பேசிக்கொள்வதைக் கவனித்து 1,200 சிரிப்புகளைக் குறித்து வைத்தார். அவற்றில் ஜோக் என்று சொல்லத்தக்க ஒன்றுக்குப் பிறகு வந்தவை நூற்றுக்கு 20-ஐத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்" போன்ற சாதாரணப் பேச்சுக்கு நடுவே வந்த சிரிப்பு. பக்கத்தில் இருப்பவரோடு ஒட்டும்போதுதான் மனிதர்கள் சிரிக்கிறார்கள்.

நம் தொல்காப்பியம் சிரிப்புக்கு நாலு காரணம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அடுத்தவரை மட்டமாகப் பேசி வருகிற சிரிப்பு இதில் ஒன்றே ஒன்றுதான். மீதி மூன்றும் வயதின் சிறுபிள்ளைத்தனம், தெரியாத்தனம், வெகுளித்தனம் ஆகியவற்றிலிருந்து வருகிறவை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் இந்த மூன்றும் எல்லோரிடமும் நிறையவே இருக்கும். அந்த எள்ளலை மட்டும் மேடைக்கு எடுத்துப் போகாதீர்கள். நோயாளியைப் பார்த்தோ, எதிரில் உட்கார்ந்திருக்கும் இளையவர்களைப் பார்த்தோ யாரும் சிரிக்கும்படி ஆகக் கூடாது. உங்கள் கதையில் அந்தக் கவலைக்கே இடமில்லை. அதில் புத்திசாலி பாட்டிதான்.

மரியாதை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1966-ல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். வினாடி வினாவில் ஒருவர் 92 சதவீதம் சரியாகப் பதில் சொல்கிறார், இன்னொருவர் 30 சதவீதம்தான் சொல்கிறார். இதன் ஒலிப்பதிவைக் கேட்டவர்களில் சிலருக்கு மட்டும், கடைசியில் பதில் சொன்னவர் தன் மேலேயே காபியைக் கொட்டிக்கொள்வதும் கேட்டது. நன்றாகப் பதில் சொன்னவர் காபியைக் கொட்டியதும் அவரைக் கேட்டவர்களுக்கு இன்னும் பிடித்துப்போனது. சுமாராகச் சொன்னவர் கொட்டியபோது அவர் மேல் இருந்த பிரியம் குறைந்தது.

உங்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. வேலை தெரிந்தவர் என்று மற்றவர்கள் நம்பிய பிறகு சொல்லும் தவறு நம்மை அவர்களுக்கு நெருக்கமாக்கும். அந்த நம்பிக்கை வருமுன் சொன்னால் சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஆகவே உங்கள் 19 வருட அனுபவத்தை அறிமுகம் செய்பவரே சொல்லட்டும். நீங்கள் எழுந்ததும், "எனக்குப் பேசவெல்லாம் வராது, தப்பா எடுத்துக்காதீங்க" என்று மட்டும் தொடங்க வேண்டாம். பணிவு என்று நினைத்துத்தான் நிறைய பேர் இதைச் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவருக்கு அது பாரம். நமக்கு ஆறுதல் சொல்லும் வேலையை அவர் தலையில் கட்டிவிடுகிறோம்.

மனம் திறப்பதிலும் இதே கணக்குதான். என் அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகாதபோது ஒரு கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசினேன். நாலாவது நிமிடத்தில் உடைந்துபோனேன். வந்தவர்கள் என்னைத் தேற்றுவதிலேயே நேரம் போனது. சொல்ல வந்ததை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மூன்று வருடம் கழித்து அதே விஷயத்தை வேறோர் இடத்தில் பேசினேன். குரல் ஓரிடத்தில் தழுதழுத்தது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. அன்று பலர் என்னிடம் வந்து அவரவர் அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். ஆறிய காயத்தைத்தான் அடுத்தவரிடம் காட்ட முடியும் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். உங்கள் கதை நடந்து 18 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆறியிருக்கும் என்றே நினைக்கிறேன். சந்தேகமாக இருந்தால், அன்று அந்த வார்டில் இல்லாத ஒரு தோழியிடம் ஒரு தடவை முழுக்கச் சொல்லிப் பாருங்கள். அழாமல் முடித்தால் மேடையிலும் முடிப்பீர்கள். எங்கே சிரிக்கிறார், எங்கே முகம் மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். அதையும் மீறி மேடையில் தொண்டை அடைத்தால், நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். மன்னிப்புக் கேட்காமல் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

கை நடுக்கம் பற்றி இரண்டே வார்த்தை. நமக்குள் இருக்கும் படபடப்பு மற்றவர்களுக்கு அப்படியே தெரிகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அவ்வளவு தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இருவர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த விஷயத்தை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்ட பேச்சாளர்கள், தெரியாதவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

சொல்லும் விதத்தில்தான் பாட்டி கதைக்கு உயிர் இருக்கிறது. "ஒரு தமாஷான சம்பவம் சொல்றேன்" என்று முன்னுரை வேண்டாம். நேராக வார்டுக்குள் கூட்டிப்போங்கள். எத்தனை மணி, கையில் என்ன இருந்தது, எதற்காக அவசரப்பட்டீர்கள் என்று சொல்லுங்கள். பாட்டி மாத்திரையைத் திருப்பிப் பார்க்கும் இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். அவர் கேட்டதை அவர் பேசிய மாதிரியே சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சிரிக்காதீர்கள். சிரிப்பு எழுந்தால் அது அடங்கும் வரை காத்திருங்கள். சிலர் அரங்கம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடுவார்கள், அந்த வாக்கியம் காணாமல் போய்விடும். உங்களுடைய அடுத்த வாக்கியம் அப்படிப் போகக் கூடாதது: "அந்த மாத்திரையை அவங்க அப்படியே போட்டிருந்தா?" சிரித்து மனம் இளகியிருக்கும் அந்த நேரத்தில் இது உள்ளே இறங்கும். ஒருவேளை யாருமே சிரிக்கவில்லை என்றாலும் இதே வாக்கியத்துக்குப் போய்விடலாம். ஜோக்கை நம்பி நின்றால் இந்த வசதி கிடைக்காது.

பாட்டியை யாரும் அடையாளம் காண முடியாதபடி பெட் நம்பர், நோய் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். இதைச் சொல்லப்போகிறேன் என்று உங்கள் மேடத்திடமும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பிறகு வேலை விஷயத்துக்கு வாருங்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் அவர்கள் பரீட்சைக்கு எழுதியிருப்பார்கள். அதில் முதலாவதை அன்று நீங்கள் எப்படித் தவறவிட்டீர்கள் என்று சொல்லுங்கள். பெயரை நாமே சொல்லி "நீங்கதானே?" என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் யாராக இருந்தாலும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, கையில் இருக்கும் சீட்டோடு ஒப்பிட வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டிலும் நீங்கள் எப்படிக் கேட்கிறீர்களோ, அதை அவர்கள் முன்னால் ஒரு தடவை கேட்டுக் காட்டிவிட்டு மைக்கைக் கொடுத்துவிடுங்கள். 15 நிமிடம் ஆகாவிட்டாலும் பரவாயில்லை.