போர் வந்தால் எந்தப் பொருள் முக்கியம்? மூலப்பொருள்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஒரு மூலப்பொருளை அத்தியாவசியம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள், சார்? விலையை வைத்தா?

பதில்: இல்லை. அது வராவிட்டால் எது நிற்கும், அதற்குப் பதிலாக வேறு ஏதாவது உண்டா, வரும் வழியை எதிரி அடைக்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். தங்கம் வராவிட்டால் எந்தத் தொழிற்சாலையும் உடனே நின்றுவிடாது. டங்ஸ்டன் என்ற மிகக் கடினமான உலோகம் வராவிட்டால், உலோகம் வெட்டும் கருவிகள் முதல் கவசம் துளைக்கும் குண்டுகள் வரை எல்லாம் சிக்கல்தான். இரண்டாம் உலகப் போரில் நடுநிலை நாடான போர்ச்சுகலின் டங்ஸ்டன் தாதுவுக்கு பிரிட்டனும் ஜெர்மனியும் போட்டி போட்டது அதனால்தான்.

கேள்வி: அப்போது அமெரிக்காவில் ரப்பருக்காகப் பெட்ரோலுக்கு ரேஷன் வைத்தார்களாமே, உண்மையா?

பதில்: உண்மை. 1942 தொடக்கத்தில், ரப்பர் விளைந்த மலாயாவும் (இன்றைய மலேசியாவின் ஒரு பகுதி) டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் (இன்றைய இந்தோனேசியா) ஜப்பானிடம் விழுந்தன. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 சதவீதம் நின்றுபோனது. டயர் தேயக் கூடாது என்றால் வண்டி ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுவதும் பெட்ரோல் ரேஷன் வந்தது. மணிக்கு 35 மைல் என்று வேக வரம்பும் வைத்தார்கள்.

அப்புறம் அரசே பணம் போட்டு செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. 1945-ல் உற்பத்தி 7 லட்சம் டன்னைத் தாண்டியது. இதை விஞ்ஞான அதிசயம் என்று பலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பியூட்டடையீன், ஸ்டைரீன் என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்த்து ரப்பர் செய்யும் வழியை ஜெர்மானியர்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவிடம் இல்லாதது ஆலைதான். சந்தையில் ரப்பர் மலிவாகக் கிடைத்த வரை அதைக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை.

கேள்வி: நம் மண்ணிலேயே தாது இருந்தால் கவலை இல்லைதானே?

பதில்: அப்படி நினைத்துத்தான் பலர் ஏமாந்தார்கள். கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் ஒரு காலத்தில் உலகின் அருமண் (காந்தம், மின்னணுக் கருவிகள் செய்ய உதவும் ஒரு வகை உலோகங்கள்) தேவையில் பெரும்பகுதியைக் கொடுத்தது. பின்னால் பல ஆண்டுகள் அங்கே வெட்டிய தாதுவைப் பிரித்தெடுக்கச் சீனாவுக்கு அனுப்பினார்கள். சுரங்கம் இருந்தும் அந்த ஆண்டுகளில் பிரிக்கும் ஆலை கையில் இருக்கவில்லை.

கேள்வி: முன்கூட்டியே வாங்கிச் சேமித்து வைக்கலாமே?

பதில்: வைக்கலாம். அமெரிக்கா 1939-லேயே அதற்குச் சட்டம் போட்டது. பனிப்போர் முடிந்ததும் சேர்த்ததில் பெரும்பகுதியை விற்றுவிட்டது. அது தவறு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கையிருப்பும் தீர்ந்தால்?

பதில்: கிடைப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். அணுகுண்டுத் திட்டத்தில் காந்தச் சுருள்களுக்குச் செம்பு போதவில்லை. அதனால் அமெரிக்கக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடன் வாங்கிச் சுற்றினார்கள். கடைசித் தவணை கருவூலத்துக்குத் திரும்பியது 1970-ல்.